ஒரு கச்சேரியின் அன்றாடம்: அம்பாந்தோட்டை 1908–1911

எனது முதல் நியமனம் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலைக்குக் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு. அம்பாறைக் கரையோரத்தில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்த எனக்கு, உப்பும் முட்புதரும் காற்றுமான அந்த ஊர் முதலில் அந்நியமாகத்தான் இருந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் மலாய்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் மலாயும், கடையில் சிங்களமும், வகுப்பில் தமிழும் பேசுவார்கள். சங்க இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்துவிட்டு வந்த நான் அவர்களுக்கு எழுத்துப்பிழை திருத்துவதில் தொடங்கினேன்.

சுனாமி வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பாந்தோட்டையில் ஞாயிறு என்றால் சந்தை நாள். அந்தச் சந்தைக் கூட்டத்தின் மேல்தான் கடல் வந்தது. முஸ்லிம், மலாய்க் குடும்பங்கள் பல அடியோடு அழிந்தன. தப்பியவர்களிடம் உடுத்திருந்த உடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. உறுதி இல்லை, அடையாள அட்டை இல்லை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை.

சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டிய நேரத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுடைய தாயார் பாடசாலைக்கு வந்து, “சேர், புள்ள பொறந்ததுக்கு எங்கிட்ட ஒரு கடதாசியும் இல்ல. புள்ள மட்டும்தான் இருக்கு” என்றார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் பத்திரத்தைத் தேடி நானும் அவருடன் அலுவலகங்களுக்கு அலைந்தேன். ஒரு கந்தோரில் நாளை வா என்றார்கள், இன்னொன்றில் ஆண்டு சரியாகத் தெரியாமல் தேட முடியாது என்றார்கள். கடைசியில் வயதான லிகிதர் ஒருவர் தூசி படிந்த பதிவேடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, பக்கம் பக்கமாக விரலை ஓட்டி, இரண்டாம் நாள் பின்னேரம் கண்டுபிடித்தார். தகப்பனின் மலாய்ப் பெயர் எழுத்து மாறிக் கிடந்தது. ஆனாலும் பதிவு இருந்தது. பிள்ளை பரீட்சை எழுதினாள்.

என்றோ ஒரு நாள், பெயர் தெரியாத ஒரு பதிவாளர், எந்தப் பரபரப்பும் இல்லாமல் ஒரு வரியை எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அது அன்றைய பத்துப் பதிவுகளில் ஒன்று. அந்த ஒரு வரிதான் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது. கிராமப்புற நிர்வாகத்தின் அன்றாட அலுவல் என்பது ஒரு வரலாற்று விஷயம் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது. அந்த எண்ணத்தோடு தேடிப்போனபோது, அதே அம்பாந்தோட்டையைப் பற்றி நூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாட்குறிப்பு கையில் கிடைத்தது.

நாட்குறிப்பும் அதை எழுதியவரும்

லெனாட் வுல்ஃப் என்ற பெயரை இலக்கிய மாணவர்கள் வேர்ஜினியா வுல்ஃபின் கணவர் என்றே அறிந்திருப்பார்கள். கேம்பிரிட்ஜில் படித்த அவர் 1904இல் தமது இருபத்துநாலாவது வயதில் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றினார். மன்னார்ப் பகுதி முத்துக்குளிப்பிலும் சில காலம் நின்றார். 1908 ஆகஸ்டில் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். 1911 மே மாதம் வரை அங்கிருந்தார். விடுமுறையில் போனவர் 1912இல் பதவியைத் துறந்துவிட்டார்.

இந்த நாட்குறிப்பு அவர் ஆசைப்பட்டு எழுதியதல்ல. 1808இல் தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்திலிருந்து, மாவட்ட அதிகாரிகள் தாங்கள் செய்த வேலையை நாளாந்தம் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அம்பாந்தோட்டை அதிகாரியின் குறிப்பு காலிக்குப் போகும், அங்கிருந்து கொழும்புக்குப் போகும். அவரது குறிப்புகள் 1960களின் தொடக்கத்தில்தான் நூலாக வந்தன. ஏனைய பல அதிகாரிகளுடைய நாட்குறிப்புகள் இன்றும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கிடக்கின்றன.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர மைல், மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம். மேற்குக் கிருவாப்பற்று, கிழக்குக் கிருவாப்பற்று, மாகம்பத்து என்று மூன்று பிரிவுகள். மேலே முதலியார், அவருக்குக் கீழே விதானை ஆராச்சி, அதற்கும் கீழே கிராமத்துத் தலைமைக்காரர். இந்த அடுக்கின் உச்சியில் இருபத்தெட்டு வயது இளைஞன் ஒருவன். அவனே வரி அதிகாரி, அவனே நீதவான், உப்புக்கும் பாதைக்கும் காட்டுக்கும் அவனே பொறுப்பு. குதிரையிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் ஊரூராகச் சுற்றியிருக்கிறார். வந்த கடிதத்துக்கு வந்த அன்றே பதில் போக வேண்டும் என்பது அவரது கண்டிப்பு. லிகிதர்கள் இதற்காக அவரை வெறுத்தார்கள் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

உப்பு, தண்ணீர், சேனை

நாட்குறிப்பைத் திறந்தால் போர் இல்லை, புரட்சி இல்லை. உப்பு விளைந்ததா, குளத்தில் தண்ணீர் எவ்வளவு, பாலம் உடைந்ததா, எந்தத் தலைமைக்காரன் வேலையைத் தட்டிக்கழித்தான், எத்தனை மாடு செத்தது என்பவைதான். முதல் வாசிப்பில் எனக்குக் கொட்டாவி வந்தது உண்மை. இரண்டாம் முறை வாசித்தபோதுதான், ஒரு கிராமத்தானுடைய வயிறு எத்தனை கடதாசிகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது விளங்கியது.

உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். மகா லேவாய, பூந்தல, பலட்டுப்பான போன்ற களப்புகளில் வரண்ட காலத்தில் உப்பு தானாகவே உறையும். கோடைவெயிலில், கண் கூசும் வெள்ளைப் பரப்பில் இறங்கி ஆணும் பெண்ணும் அதை அள்ளுவார்கள். மழை முந்திவிட்டால் உறைந்தது எல்லாம் கரைந்து போகும். அதனால் ஆள் சேர்ப்பதும், அள்ளியதை அளப்பதும், கூலி கொடுப்பதும், களஞ்சியத்துக்கு வண்டியில் ஏற்றுவதும் நாள் தவறாத அவசர அலுவல்கள். அதே உப்பில் ஒரு பிடியை ஒரு ஏழை தன் கறிச்சட்டிக்கு எடுத்தால் அது குற்றம். அள்ளினால் கூலி, எடுத்தால் தண்டனை. வீட்டு வாசலில் விளைவது தனக்குச் சொந்தமில்லை என்பதை அந்த மக்களுக்குக் கற்பித்தது ஒரு அறிவித்தல் கடதாசி.

அடுத்தது தண்ணீர். திஸ்ஸமகாராம வயல்கள் குளத்து நீரை நம்பியவை. எப்போது மதகு திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பது, யார் வேலியடைப்பது என்பதை விவசாயிகள் கூடித் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வட்டைக் கூட்டம் என்று சொல்வது இதைத்தான். பழைய நீர்ப்பாசன வழமைகளை மீட்டு நடைமுறைப்படுத்தவென்றே 1856இல் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. சிங்களப் பகுதியில் வெல்விதானை, கிழக்கில் வட்டவிதானை. பெயர்தான் வேறு, வேலை ஒன்று. அறுவடையில் ஒரு பங்கு நெல்தான் அவருக்குச் சம்பளம். ஒருவர் பிந்தி விதைத்தால் எல்லாருக்கும் தண்ணீர் வீணாகும். வுல்ஃப் இந்தத் தேதி விஷயத்தில் மிகவும் கறாராக இருந்திருக்கிறார்.

மூன்றாவது சேனை. மாகம்பத்தின் காட்டுக் கிராமங்களுக்குக் குளமும் இல்லை, வயலும் இல்லை. காட்டை வெட்டி எரித்து ஒரு போகம் குரக்கன் விதைப்பதுதான் பிழைப்பு. காடு முடிக்குரியது. ஆகவே ஒவ்வொரு சேனைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சேனை மண்ணைக் கெடுக்கிறது என்பது அதிகாரிகளின் கொள்கை. சேனை இல்லாவிட்டால் பட்டினி என்பது கிராமத்தின் நிலை. இரண்டுக்கும் நடுவில் கையில் கடதாசியோடு நின்றவர் கிராமத்துத் தலைமைக்காரர். அவருக்கு முறையான சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாதவனிடம் அதிகாரம் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாட்டுக் கொள்ளைநோய்

1909இல் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் மாவட்டத்துக்குள் புகுந்தது. இந்த நாட்குறிப்பின் மிகவும் கனமான பகுதி இதுதான். எருமை அங்கு வெறும் விலங்கல்ல. வயலை மிதித்துச் சேறாக்குவது அதுதான். உப்பு ஏற்றும் வண்டியை இழுத்தது மாடு. மாடு செத்தால் விதைப்பில்லை, கூலியுமில்லை.

மருந்து கிடையாது. மாடுகளைக் கட்டிவைக்க வேண்டும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, நோய்கண்டு அவிழ்ந்து திரிவதைச் சுட வேண்டும் என்பது கட்டளை. காட்டில் விட்டு வளர்த்த எருமையைக் கட்டிவைப்பது எப்படி என்று மக்கள் கேட்டார்கள். வுல்ஃப் தானே துவக்கைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டார். எருமையில்லாத வயல்களில் கலப்பையால் உழும் முறையைப் பரப்பவும் முயன்றார்.

விஞ்ஞானப்படி அவர் செய்தது சரி. ஆனால் மக்கள் அவரை நம்பவில்லை. நம்புவதற்கு அவர்களுக்குக் காரணமும் இருக்கவில்லை. வரி கேட்க வந்த அதே ஆள், உப்புக்கு வழக்குப் போட்ட அதே ஆள், இப்போது “உன் நன்மைக்குத்தான் உன் மாட்டைச் சுடுகிறேன்” என்று வந்து நிற்கிறார். 1961இல் வெளிவந்த தமது சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில், பிறரை ஆளும் தொழிலில் தமக்கு ஐயம் வளர்ந்த கதையை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். நான் விளங்கிக்கொண்டது இது: நிர்வாகம் என்பது சரியான கட்டளை மட்டுமல்ல. அதைச் சொல்பவனை மக்கள் தங்களுடையவனாகக் கருதுகிறார்களா என்பதும் சேர்ந்ததுதான்.

நாட்குறிப்பு சொல்லாதது

1910இல் கதிர்காம உற்சவக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர் காட்டுக்குள் போய்த் தங்கினார். முருகன் கோவிலருகே பள்ளிவாசலும் ஹிள்ர் நபியின் பெயரால் ஒரு தைக்காவும் உள்ள இடம் அது. 1911 மார்ச் 10 குடிசன மதிப்பீட்டையும் தம் மாவட்டத்தில் நடத்தி முடித்தார். மாட்டையும் உப்பையும் போல மனிதரையும் எண்ணினார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. அந்த ஊரின் மலாயர்கள் பிரித்தானியரின் மலாய்ப் படைப்பிரிவோடு தொடர்புள்ளவர்கள். 1873இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. ஓய்வூதியம் பெற்ற படைவீரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வுல்ஃபின் பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய ஓதற்பள்ளி, கந்தூரி, நிக்காஹ், ஜனாஸா எதையும் நாட்குறிப்பு பேசாது. பேசாதது அவரது குற்றமும் அல்ல. அது அரசாங்கத்தின் கொப்பி. அரசாங்கத்துக்குத் தேவையானதுதான் அதில் இருக்கும். ஏழை மனிதன் ஒருவன் அதற்குள் நுழைவதற்கு மூன்று வாசல்கள்தான்: வரி கொடுக்க வேண்டும், முறைப்பாடு செய்ய வேண்டும், அல்லது குற்றம் செய்ய வேண்டும்.

இந்த வெறுமையை வுல்ஃப் உணர்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்குத் திரும்பி 1913இல் அவர் வெளியிட்ட நாவல் அதே காட்டுக் கிராமத்தைப் பற்றியது. சிங்களத்தில் ‘பெத்தேகம’ என்று அறியப்படுவது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் படமாக்கினார். அதன் கதையை ஒரு வரியில் சொன்னால், ஒரு தலைமைக்காரர் மனத்தாங்கல் காரணமாகச் சேனை அனுமதியை மறுத்து, தலைவரியை நெருக்கி, ஒரு குடும்பத்தை அழிக்கிறார். அவர் துவக்கு எடுக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை. ஒரு கடதாசியைக் கொடுக்காமல் விட்டார், அவ்வளவுதான். கடைசியில் துவக்கை எடுப்பவன் அந்த ஏழை வேட்டைக்காரன். ‘அனுமதிப்பத்திரங்கள் பற்றி விசாரித்தேன்’ என்று நாட்குறிப்பில் ஒரு வரியோடு முடியக்கூடிய விஷயம், கீழே நின்று பார்க்கும்போது ஒரு கொலைவழக்காக முடிகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் அன்றாட நிர்வாகத்தின் முழு வரலாறும் தெரியும்.

தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். கிராமச் சங்கங்கள் கிராமசபைகளாகி, 1981இல் அவையும் போய், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கையெழுத்துக்காக வெளியே வாங்கில் குந்தியிருக்கும் மனிதன் மட்டும் மாறவில்லை.

நாங்கள் வீசிய கொப்பிகள்

இனி என் வீட்டுக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். என் மூத்தவாப்பா ஒரு வட்டவிதானை. தகரப் பெட்டி ஒன்றில் அவருடைய கொப்பிகள் இருந்தன. எந்த வரவை யாருடையது, எந்த வாய்க்காலில் யாருக்கு எந்த நாள் தண்ணீர், யார் வேலியடைக்கவில்லை, யாருடைய மாடு வயலில் இறங்கியது எல்லாம் அவற்றில் எழுதியிருந்தார். சில பக்கங்கள் அரபுத்தமிழில். அவர் மௌத்தான பிறகு வீடு திருத்தியபோது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நான்தான் அந்தக் கொப்பிகளைப் பழைய பேப்பருக்குப் போட்டேன். அப்போது எனக்கு வரலாறு என்றால் அரசர்களின் பெயர்ப்பட்டியல். கறையான் அரித்த தண்ணீர்க் கணக்கு வரலாறாகத் தெரியவில்லை.

சில வருடங்களின் பின் எங்கள் வயலுக்கு எல்லைப் பிரச்சினை வந்தது. வாப்பா பெட்டியைத் தேடினார். “அந்தக் கொப்பியிலதான் மகன் வயல்ட எல்லையெல்லாம் கிடந்த. எங்க போட்ட?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வாப்பாவும் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. வரவை ஒன்றரை அடி உள்ளே வந்தது. அது இன்றும் அப்படியே கிடக்கிறது.

வட்டவிதானையின் கொப்பியில் வுல்ஃபின் நாட்குறிப்பில் இல்லாத ஒன்று இருந்தது. அதில் எல்லாருக்கும் பெயர் இருந்தது. வெறும் பெயரல்ல, ஊர் கூப்பிடும் பட்டப்பெயரும் குடிவழியும். வெள்ளைக்காரர் தங்கள் அன்றாடத்தை எழுதிப் பூட்டி வைத்தார்கள். அதனால் அவர்களுடைய கண்ணாலேயே நாங்கள் எங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்களும் எழுதினோம். ஆனால் எழுதியதை நாங்களே வீசிவிட்டோம்.

எங்கள் சமூகத்தில் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறார்கள். நாங்கள் எங்கிருந்து வந்தோம்? எங்கள் தலைவர்கள் யார்? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் வந்த பிறகு என்ன செய்தோம், எப்படித் தண்ணீரைப் பங்கிட்டோம், யார் பிணக்கை யார் தீர்த்தார், விதவைக்கு யார் நெல் கொடுத்தார் என்ற கேள்விகளுக்கு விடை பழைய பதிவுகளில்தான் இருக்கிறது. 1886இலிருந்தே முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவேடுகளில் மஹர் தொகையும் சாட்சிகளின் பெயர்களும் ஊர்களும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகக் கூட்ட அறிக்கைகள், ஜமாஅத் இடாப்பு, மையவாடிக் கணக்கு, ஸக்காத் கொப்பி, பாடசாலையின் சம்பவத்திரட்டு இவையெல்லாம் எங்கள் கச்சேரி நாட்குறிப்புகள்.

சென்ற வருடம் என் பாடசாலையில் அலுமாரி ஒன்றை ஒதுக்கியபோது பழைய சம்பவத்திரட்டு ஒன்று அகப்பட்டது. சிற்றூழியர் அதையும் குப்பைக் குவியலில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். மழைக்குக் கூரை ஒழுகியது, அறுவடைக்காலம் என்பதால் வரவு குறைவு, இன்ன ஆசிரியர் இன்ன நேரத்துக்கு வந்தார் என்று நாளுக்கு ஒன்றிரண்டு வரிகள். அறுவடை நாட்களில் எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை என்பதை அதிலிருந்து ஆண்டு ஆண்டாக எண்ணலாம். எங்கள் ஊரில் வறுமை எப்போது குறைந்தது என்பதை எந்த நூலும் சொல்லாத அளவு துல்லியமாக அது சொல்கிறது. இப்போது உயர்தர மாணவர்கள் நான்கு பேர் அதைப் பார்த்து அட்டவணை போடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறோம்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் அதிபர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அலுமாரி ஒதுக்கும்போது கொப்பிகளை வெளியே போடுவதற்கு முன் ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை வேறோர் இடத்தில் வையுங்கள். அம்பாந்தோட்டையில் அந்த மாணவி பரீட்சை எழுதியது, கடல் வராத ஓரிடத்தில் அவளுடைய வரி எழுதப்பட்டிருந்ததால்தான். அவள் இப்போது ஆசிரியையாக இருக்கிறாள். தன் வகுப்பு இடாப்பைத் தானே எழுதுகிறாள், அல்ஹம்துலில்லாஹ். மலாய்ப் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவதாகச் சொன்னாள்.